சேப்பாக்கம் 1999: எழுந்து நின்ன கதை

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க மக்களே.

1999 ஜனவரி 31, ஞாயித்துக்கிழமை. திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ஒரே ரூம்ல குப்பை கொட்டிக்கிட்டிருந்த நாங்க நாலு பேரு, எப்படியோ டிக்கெட் தேத்தி, வாலாஜா ரோடு வழியா நடந்தே ஸ்டேடியம் போனோம். நான், கோயமுத்தூரான், தஞ்சாவூரான், அப்புறம் ஆம்பூர்லேர்ந்து வந்த பாய். (மேன்ஷன்ல யாருக்கு சொந்தப் பேரு இருந்துச்சு?) இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட், நாலாவது நாள்.

அந்த மேட்ச் நடந்ததே பெரிய விஷயம். 1987க்கு அப்புறம் பாகிஸ்தான் இங்க டெஸ்ட் ஆட வந்ததே இல்லை. சிவசேனாக்காரங்க எதிர்ப்பு தெரிவிச்சு, ஜனவரி முதல் வாரத்துல டெல்லி கோட்லா மைதானத்துல பூந்து பிட்சையே கொத்திப் போட்டுட்டாங்க. அதனால டெல்லியில நடக்க வேண்டிய முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்துச்சு. கேட்ல போலீஸ்காரங்க எங்க புளிசாதப் பொட்டலத்தைக்கூட அமுக்கிப் பார்த்துட்டுத்தான் உள்ள விட்டாங்க.

ஸ்கோர் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். பாகிஸ்தான் 238, கும்ப்ளேக்கு 6 விக்கெட். இந்தியா 254. சச்சின் முட்டை. இரண்டாவது இன்னிங்ஸ்ல அப்ரிடி 141 (அப்போ அவருக்கு வயசு என்னன்னு மட்டும் கேட்டுடாதீங்க :)). 275க்கு 4 விக்கெட்னு இருந்தவங்களை வெங்கடேஷ் பிரசாத் 286க்குச் சுருட்டினார். 33 ரன் கொடுத்து 6 விக்கெட். நமக்கு இலக்கு 271. மூணாம் நாள் சாயங்காலமே வக்கார் ரெண்டு ஓப்பனர்களையும் தூக்கிட்டார். அதுல ஒருத்தர் முதல் டெஸ்ட் ஆடின நம்ம ஊர்ப் பையன் சடகோபன் ரமேஷ்.

ஞாயிறு காலையில 82க்கு 5. தஞ்சாவூரான் "கெளம்பலாம்டா"ன்னுட்டான். அப்புறம்தான் சச்சினும் மோங்கியாவும் நங்கூரம் போட்டாங்க. முதுகு வலியில சச்சின் குனிஞ்சு குனிஞ்சு நிமிர்றது எங்க இடத்துலேர்ந்தே தெரிஞ்சது. 136 ரன் பார்ட்னர்ஷிப். 218ல மோங்கியா வாசிம் பந்தைத் தூக்கி அடிச்சு அவுட். 254ல, இன்னும் 17 ரன்தான் வேணும்ங்கறப்போ, சச்சின் சக்லைன் பந்தைத் தூக்கினார். வாசிம் கையில கேட்ச். அவர் அடிச்சது 136. மீதி மூணு விக்கெட்டும் 4 ரன்னுக்குள்ள காலி. 12 ரன்ல தோல்வி.

இதுக்கப்புறம் நடந்ததைத்தான் எல்லாரும் எழுதறாங்க. சென்னை ரசிகர்கள் எழுந்து நின்னு கைதட்டினாங்க, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுத்தி ஓடி வந்துச்சுன்னு. நடந்தது உண்மைதான். ஆனா உடனே நடக்கலைங்க. முதல்ல ஒரே அமைதி. கால்வாய்ப் பக்கம் பறக்கும் ரயில் போற சத்தம் கேட்டுச்சு. எங்க வரிசையில ஒரு பெரியவர் தலையில கைய வச்சு உட்கார்ந்திருந்தார். எங்கேயோ ஒரு மூலையில ரெண்டு மூணு கைதட்டல். அப்புறம் பக்கத்து வரிசை. அப்புறம் அந்தப் பெரியவரே எழுந்தார். நாங்களும் எழுந்தோம்.

பாய் மட்டும் உட்கார்ந்திருந்தான். சுத்தி ஒரு தடவை பார்த்தான். எல்லாரும் நிக்கறாங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் எழுந்தான். ஆனா எழுந்தவன் நாங்க நிறுத்தின பிறகும் தட்டிக்கிட்டே இருந்தான்.

ராத்திரி டீக்கடையில கோயமுத்தூரான் கிண்டல் பண்ணினான். "என்ன பாய், கடைசியில ரொம்ப குஷியாயிட்ட போல?" பாய்க்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. கிளாஸை வச்சுட்டு மெதுவா சொன்னான்: "காலையிலேர்ந்து சக்லைன் போட்ட ஒவ்வொரு தூஸ்ராவுக்கும் நீங்க மூணு பேரும் 'என்னா பால்டா'ன்னு கத்தினீங்க. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? நீங்க சொன்னா ரசனை மச்சான். நான் சொன்னா அதுக்கு வேற பேரு."

யாரும் பேசலை. யோசிச்சுப் பார்த்தா உண்மை. அன்னிக்கு சச்சினுக்கு எங்க எல்லாரையும்விட சத்தமா கத்தினவன் அவன்தான். சந்தோஷத்துல மட்டும்தான் கத்தினானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம்.

மூணு வாரம் கழிச்சு கொல்கத்தாவுல சச்சின் ரன் அவுட்டால கலாட்டாவாகி, கூட்டத்தையே வெளியேத்திட்டு காலி ஸ்டேடியத்துல ஆட்டத்தை முடிச்சாங்க. மே மாசம் கார்கில் வந்துடுச்சு. அதனால சேப்பாக்கத்துக் கைதட்டலை நாம பெருமையா சொல்லிக்கறது நியாயம்தான். நானும் சொல்லிக்கறேன். ஆனா எங்களுக்கு அது பெருந்தன்மை. பாய்க்கு அன்னிக்கு முழுக்க கிடைச்ச ஒரே ஒரு சான்ஸ். சுத்தி அத்தனை பேரு நின்னதால, அவனும் பயமில்லாம ஒரு நல்ல பௌலருக்குக் கைதட்டினான்.

இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட் கடைசியா நடந்தது 2007 டிசம்பர்ல, பெங்களூருல. பாய் இப்போ ஆம்பூர்ல தோல் வியாபாரம். போன மாசம் பேசினப்போ அந்த மேட்ச் பத்திதான் பேச்சு. "டேய், சச்சினுக்கு ஆட்ட நாயகன் விருது கொடுத்தாங்களே, வாங்கக்கூட வெளிய வரலை, ஞாபகமிருக்கா?"ன்னான். டீக்கடையில சொன்னதை அவனும் எடுக்கலை, நானும் எடுக்கலை.

அன்னிக்கு ஸ்டேடியத்துல இருந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? உங்க வரிசையில முதல்ல எழுந்தது யாரு?