கணினிச் சுட்டியின் தடுமாற்றம்: ஒரு வரலாறு

கணினிச் சுட்டி (மவுஸ்) என்பது கையின் அசைவைத் திரையிலுள்ள அம்புக்குறியின் அசைவாக மாற்றும் உள்ளீட்டுக் கருவியாகும். அம்புக்குறி ஏன் துள்ளுகிறது, ஏன் நின்றுவிடுகிறது என்பதை இதன் வரலாற்றிலிருந்தே அறியலாம்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் கருத்தின்படி, பில் இங்கிலிஷ் 1964-இல் முதல் சுட்டியைச் செய்தார். மரத்தாலான அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள் இருந்தன. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அது இயக்கிக் காட்டப்பட்டது.

பின்னர் சக்கரங்களின் இடத்தைப் பந்து பிடித்தது. பந்து எத்திசையிலும் எளிதாக உருண்டது. ஆனால் மேசைத் தூசியையும் உள்ளே இழுத்துச் சென்றது. கிடை அசைவுக்கு ஓர் உருளை, செங்குத்து அசைவுக்கு மற்றோர் உருளை. எதில் அழுக்குப் படிகிறதோ, அந்தத் திசையில் மட்டும் அம்புக்குறி தயங்கும். அடிமூடியைத் திருகிப் பந்தை வெளியே எடுத்து, உருளைகளைத் துடைப்பதே தீர்வு.

1980-களில் வந்த ஒளியியல் சுட்டிகளுக்குக் கட்டமிட்ட தனிப்பலகை தேவைப்பட்டது. 1999-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட சுட்டி, தன் அடியிலுள்ள பரப்பை நொடிக்கு 1,500 முறை படமெடுத்து ஒப்பிட்டது. இதனால் பந்தும் பலகையும் தேவையற்றுப் போயின. ஆயினும் கண்ணாடி போன்ற பளபளப்பான பரப்பில் ஒப்பிடத் தக்க அடையாளங்கள் கிடைப்பதில்லை, அம்புக்குறி தடுமாறுகிறது.

எனவே, சுட்டி பழுது என்று முடிவுகட்டும் முன் அடியில் ஒரு தாளை விரித்துப் பாருங்கள், ஒளித்துளையைத் துடையுங்கள், கம்பியில்லாச் சுட்டியாயின் மின்கலத்தை மாற்றுங்கள், வேறொரு கணினியில் இணைத்துச் சோதியுங்கள். குறை பெரும்பாலும் மேசையிலோ தூசியிலோதான் இருக்கும்.