கிறிஸ்தவர்கள் ஏழைகளுக்குப் போதிய அளவு உதவுகிறார்களா? ஆவூர் முதல் கந்தர்வக்கோட்டை வரை... முழு விவரம்

மிஷன் ஸ்கூலில் படிச்சவங்க, மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தவங்க தமிழ்நாட்டில் எல்லா மதத்திலும் இருக்காங்க. அதனால் கிறிஸ்தவர்கள் ஏழைகளுக்கு எவ்வளவோ செய்கிறார்கள் என்பது பொதுவான பேச்சு. அத்தனையும் மதம் மாற்றத்தான் என்பது அதற்கு வரும் எதிர்ப்பேச்சு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி கண்டுகொள்ளப்படாமலே போய்விடுகிறது: கிறிஸ்தவர்களிலேயே ஏழையாக இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

புதுக்கோட்டை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இங்கே 16.18 லட்சம் பேர். அதில் கிறிஸ்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் வரலாறு நீளமானது. விராலிமலை பக்கம் இருக்கும் ஆவூரில், பிரெஞ்சு நாட்டு சேசு சபை பாதிரியார் ஜான் வெனான்சியஸ் புஷே 17-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆலயம் எழுப்பினார். இப்போதுள்ள ஆலயம் 1747-ல் கட்டப்பட்டது. வீரமாமுனிவரின் பெயரோடும் சேர்த்துப் பேசப்படும் ஊர் இது.

அந்தக் காலத்து மதுரை மிஷனில் பாதிரியார்களே இரண்டு வகையாக இருந்தார்கள். உயர்சாதியினரிடம் பழக 'சந்நியாசி' கோலத்தில் ஒரு பிரிவு. மற்ற சாதியினரிடம் போக 'பண்டாரசாமி' என்ற பெயரில் இன்னொரு பிரிவு. சாதியைத் தொடாமல் மதத்தை மட்டும் பரப்பலாம் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கின் பாக்கி இன்னும் தீரவில்லை.

வெளியே போகும் உதவி எவ்வளவு?

இதில் பெரிய சந்தேகம் தேவையில்லை. வேலூர் சி.எம்.சி 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கியது. 1934-ல் டாக்டர் ஜோசப் ஞானாதிக்கம் தொடங்கிய திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை, கிராமங்களுக்கே போய் இலவச கண் சிகிச்சை முகாம் நடத்திப் பெயர் வாங்கியது. ஒட்டன்சத்திரத்தில் 1955-ல் டாக்டர் ஏ.கே.தரியனும் நண்பர்களும் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் இந்த வரிசையில் வரும். வருகிற நோயாளிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல.

பள்ளிக்கூடம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசு உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளிகளில் கட்டடமும் நிர்வாகமும் சபையுடையது, ஆசிரியர் சம்பளம் அரசு கொடுப்பது. அதாவது நம்ம வரிப்பணமும் அதில் இருக்கிறது. கிராமத்து ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்ததில் இந்தப் பள்ளிகளின் பங்கு பெரிது. நகரத்து ஆங்கில வழி மெட்ரிக், சி.பி.எஸ்.இ பள்ளிகள் கதை வேறு. அங்கே கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்குத்தான் இடம்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு சந்தேகம் எழுப்பி, தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. 2021-ல் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட அறிக்கையில், கிறிஸ்தவப் பள்ளிகளில் படிப்பவர்களில் 74 சதவீதம் பேர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்று இருந்தது. மொத்த சிறுபான்மைப் பள்ளிகளில் சமூக, பொருளாதார ரீதியாகப் பின்தங்கிய மாணவர்கள் 8.76 சதவீதம்தான் என்றும் அதே அறிக்கை சொன்னது. முதல் எண்ணைச் சபைகள் பெருமையாகச் சொல்லலாம். இரண்டாவது எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வெளிநாட்டுப் பணமும் முன்பு போல வருவதில்லை. சுமார் 1.45 லட்சம் குழந்தைகளுக்கு உதவி வந்த கம்பாஷன் இன்டர்நேஷனல் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டுக் கிளம்பியது. 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், ஒரு நிறுவனம் வாங்கிய நன்கொடையை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கத் தடை போட்டது. சென்னையில் இருக்கும் பெரிய அமைப்பு வாங்கி, கிராமத்து சின்ன அமைப்புக்குக் கொடுப்பதுதான் வழக்கமாக இருந்தது. அந்தக் குழாய் அடைபட்டது.

உள்ளே இருக்கும் ஏழை யார்?

இந்திய கத்தோலிக்க ஆயர்கள் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. நாட்டில் உள்ள 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடி பேர் தலித்துகள் என்று அதில் சொல்லப்பட்டது. அப்படின்னா ஆலயத்துக்கு வருகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் ஆயர்களை எண்ணிப் பார்த்தால் தலித்துகள் சொற்பம்தான்.

பக்கத்து மாவட்டமான திருச்சியில், மேலப்புதூர் கிறிஸ்தவக் கல்லறைக்குள் சாதி பிரிக்க ஒரு சுவர் இருந்தது. செத்த பிறகும் தனித்தனி இடம். 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டம் இறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட விவகாரம் மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். மோதிய இரு தரப்பும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்.

சூசை கேட்ட பெட்டிக்கடை

இந்த விவகாரம் புரிய வேண்டுமென்றால் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ளணும். சூசை என்பவர் சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்துக்கொண்டிருந்தவர். ஆதிதிராவிடர் சமூகத்தில் பிறந்து கிறிஸ்தவர் ஆனவர். சாலையோரத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. மற்றவர்களுக்குக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், அது பட்டியல் சாதியினருக்கான மத்திய அரசு நிதி. 1950 ஜனாதிபதி ஆணைப்படி இந்துக்கள்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்று வரை வெளியேதான்.

1985-ல் உச்ச நீதிமன்றம் சூசையின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, பழைய மதத்தில் இருந்த அதே அளவு கொடுமை புதிய மதத்திலும் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது. இங்கேதான் சிக்கல். சலுகை வேண்டுமென்றால், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று சபையே சாட்சி சொல்ல வேண்டும். எந்த மேய்ப்பருக்கும் அது இனிப்பான சாட்சி அல்ல.

புதுக்கோட்டையில் இது எப்படித் தெரியும்? மாவட்டத்தின் 6 சட்டமன்றத் தொகுதிகளில் கந்தர்வக்கோட்டை தனித் தொகுதி. தலித் கிறிஸ்தவர் அங்கே ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது. வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி விவகாரத்தில் தொடக்கத்தில் பதிவான வழக்கு வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் கீழ். அப்படி ஒரு அவமானம் தலித் கிறிஸ்தவர் தெருவில் நடந்தால், பட்டியல் சாதிச் சான்றிதழ் இல்லாத அவர்களுக்கு அந்தச் சட்டம் கைகொடுக்காது.

தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். மாநில அரசின் கல்வி உதவித்தொகைத் திட்டங்களில் 'கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்' என்று தனியாகக் குறிப்பிட்டு அவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். இது நம்ம மாநிலத்தில் உள்ள நல்ல விஷயம். ஆனால் 18 சதவீத பட்டியல் சாதி இடஒதுக்கீட்டில் பங்கு கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்க்கொண்டே, சான்றிதழில் 'இந்து' என்று வைத்திருக்கும் குடும்பங்கள் பல. மேலே சொன்ன 5 சதவீதக் கணக்கை அப்படியே நம்ப முடியாததற்கும் இதுதான் காரணம். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், சலுகைக்காக மட்டும் இப்படி உரிமை கோருவது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது.

இப்போது என்ன நிலை?

மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து தரலாமா என்று ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. அதன் காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. அந்தஸ்து தரக் கோரி 2023 ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

டெல்லி முடிவெடுக்கட்டும் என்று சபைகள் கைகாட்டுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிர்வகிக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு கொடுத்திருக்கிறது. தலித் கிறிஸ்தவப் பிள்ளைக்கு முதலில் இடம், கட்டணத்தில் தள்ளுபடி, அதே பள்ளியில் ஆசிரியர் வேலை என்பதையெல்லாம் நிர்வாகக் குழுவே ஒரு கூட்டத்தில் முடிவு செய்துவிடலாம். சென்னை லயோலா போன்ற சேசு சபைக் கல்லூரிகள் மாணவர் சேர்க்கையில் தலித் கிறிஸ்தவர்களுக்கு முன்னுரிமை தருகின்றன. கல்லறைச் சுவரை இடிக்க எந்த ஆணையத்தின் அறிக்கையும் வேண்டியதில்லை.