எமர்ஜென்சி டூ வார்டு: நோயாளி கைமாறும் அந்த சில நிமிடங்களில் என்ன நடக்கிறது?

"அட்மிஷன் போட்டாச்சு, வார்டுக்கு மாத்துறோம்" என்று எமர்ஜென்சியில் சொன்னதும் உறவினர்களுக்குப் பாதி பயம் போய்விடும். ஆனால் தவறு நடக்க வாய்ப்புள்ள இடமே அதுதான். இதுவரை பார்த்த டாக்டர் வேறு, இனி பார்க்கப்போகும் டாக்டர் வேறு. முதல் டாக்டருக்குத் தெரிந்தது முழுசாக அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்ததா? இந்தக் கைமாற்றத்துக்குப் பெயர்தான் 'ஹேண்ட்ஓவர்'.

சிக்கல் எங்கே?

ஷிஃப்ட் மாறும்போது டாக்டரும் நர்ஸும் மட்டும்தான் மாறுகிறார்கள். இங்கே இடம், டிபார்ட்மெண்ட் எல்லாமே மாறுகிறது. உயிருக்கு ஆபத்து வராமல் தடுப்பதுதான் எமர்ஜென்சி டாக்டரின் முதல் வேலை. இன்ன நோய் என்று முடிவாகும் முன்பே நோயாளியை அனுப்ப வேண்டியிருக்கும். 'நிமோனியாவாக இருக்கலாம்' என்று கீழே சொன்னது, மேலே போகும்போது 'நிமோனியா கேஸ்' ஆகிவிடும். அந்த 'இருக்கலாம்' வழியில் தொலைந்துபோனால், வேறு காரணத்தை யாரும் தேடாமல் விட்டுவிடலாம்.

அடுத்தது, ரிசல்ட் வராத டெஸ்ட்கள். ரத்தம் எடுத்தது எமர்ஜென்சியில், ரிசல்ட் வரும்போது நோயாளி மூன்றாவது மாடியில். 'வார்டில் பார்த்துப்பாங்க' என்று இவர்கள் நினைக்க, அப்படி ஒரு டெஸ்ட் போனதே அங்கே தெரிந்திருக்காது. பெட் கிடைக்காமல் காத்திருப்பவர் நிலைமை இன்னும் மோசம். பேப்பரில் அவர் வார்டு நோயாளி, படுத்திருப்பதோ எமர்ஜென்சியில். திடீரென மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவது?

நீர்மூழ்கியில் இருந்து வந்த வழி

அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்ட முறை 'எஸ்-பார்'. இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, அடுத்து என்ன செய்யணும் என்ற வரிசையில் பேச வேண்டும். கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவ அமைப்பு இதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தது.

அடுத்து வந்தது 'ஐ-பாஸ்'. 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில், 10,740 அட்மிஷன்களை வைத்து நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஐ-பாஸ் வந்தபின் மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தடுக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. அது ஷிஃப்ட் மாற்றத்தில் நடந்த ஆய்வு, எமர்ஜென்சி கைமாற்றத்தில் அல்ல. ஆனாலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: ஒரு நோயாளிக்கு ஆன நேரம் சுமார் இரண்டரை நிமிடம்தான், முன்பை விடப் பெரிதாகக் கூடவில்லை. 'நேரமில்லை' என்ற சாக்கு இங்கே எடுபடாது.

ஐ-பாஸின் கடைசிப் படி, கேட்டவர் திருப்பிச் சொல்வது. ஓட்டலில் சர்வர் "ரெண்டு இட்லி, ஒரு வடை, சரியா?" என்று கேட்பாரே, அதேதான். சாதாரணமாகத் தெரியும் இந்தப் படியில்தான், காதில் விழாமல் போன அலர்ஜி விவரம் சிக்கும்.

உறவினர்கள் என்ன கேட்கலாம்?

வார்டுக்குப் போனதும், இப்போது பொறுப்பு டாக்டர் யார், எந்த ரிசல்ட் பாக்கி என்று கேளுங்கள். எமர்ஜென்சியில் என்ன ஊசி, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதை போனில் குறித்து வையுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளையும் அலர்ஜியையும் கீழே சொல்லியிருந்தாலும் மேலே இன்னொரு முறை சொல்லிவிடுங்கள்.