எடை குறைப்பு ஆபரேஷன் முடிஞ்சாச்சு... அப்புறம் என்ன? வாழ்நாள் பூரா மறக்கக் கூடாத விஷயங்கள்!

உடல் பருமனைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்து கொள்பவர்கள் பெருகி வருகிறார்கள். ஒரு காலத்தில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் நடந்த இந்த ஆபரேஷன், சென்னையில் அரசு ஆஸ்பத்திரிகளிலும் செய்யப்பட்டுள்ளது. சிக்கல் இல்லை என்றால் சில நாட்களிலேயே வீட்டுக்கு வந்து விடலாம்.

உண்மையான பரீட்சை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். "எடை குறைஞ்சாச்சு, உடம்பும் நல்லாத்தான் இருக்கு" என்று மாத்திரையை நிறுத்தி விடுகிறவர்கள் உண்டு. செக்கப்புக்கும் போக மாட்டார்கள். சில வருடம் கழித்து ரத்த சோகை, கை கால் மரத்துப் போதல், எலும்புத் தேய்மானம் என்று திரும்பவும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டி வரும்.

வயிற்றில் என்ன செய்கிறார்கள்?

அதிகம் நடப்பது 2 வகை ஆபரேஷன். முதலாவது ஸ்லீவ். இதில் இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுத்து விடுவார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல நீளமான குழாய். அதில் ஒரு டீ கிளாஸ் அளவுக்குத்தான் கொள்ளும். பசியைத் தூண்டும் ஹார்மோன் சுரப்பும் குறைவதால் பசி அடங்கும்.

இரண்டாவது பைபாஸ். இரைப்பையின் மேல் பகுதியை முட்டை அளவு சின்னப் பையாக்கி, சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். சாப்பாடு குடலின் முதல் பகுதியைத் தொடாமல் போகும். அதனால் இரும்பு, கால்சியம், பி12 போன்ற சத்துகள் உடம்பில் சேருவது குறையும்.

120 கிலோ இருந்தவர் ஒன்று, ஒன்றரை வருடத்தில் 85 முதல் 90 கிலோவுக்கு வருவது சாதாரணம். முதல் 6 மாதம் மளமளவென்று குறையும். பிறகு வேகம் தணியும். சில வாரம் முள் நகரவே நகராது. அதற்காகப் பட்டினி கிடக்கக் கூடாது.

முதல் 6 வாரம் எப்படி?

முதல் ஓரிரு நாள் வெறும் தண்ணீர், இளநீர், வடிகட்டிய சூப். அதுவும் மடக் மடக்கென்று குடிக்கக் கூடாது. வாய் வாயாக உறிஞ்ச வேண்டும். அடுத்த 2 வாரம் பால், மோர், பருப்புத் தண்ணீர், புரதப் பவுடர் கரைத்த பால். 3, 4-வது வாரம் மசித்த பருப்பு, மசித்த முட்டை, தயிர். 5, 6-வது வாரம் இட்லி, முள் நீக்கிய மீன், குழைய வேக வைத்த காய்கறி. அதன் பிறகு மெதுவாக வழக்கமான சாப்பாடு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். உங்கள் டாக்டர் கொடுத்த சீட்டுதான் கணக்கு.

வீட்டைச் சுற்றி நடப்பது முதல் நாளில் இருந்தே அவசியம். காலில் ரத்தம் உறையாமல் அதுதான் காக்கும். மூட்டை தூக்குபவர்கள், கொத்தனார், சித்தாள் வேலை செய்பவர்கள் 4 முதல் 6 வாரம் வரை கனமான பொருளைத் தூக்கக் கூடாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு சில நாளிலேயே டோஸ் குறைக்க வேண்டி வரலாம். பழைய டோஸையே போட்டுக் கொண்டிருந்தால் மயக்கம் வந்து விழ வாய்ப்பு உண்டு.

தட்டில் முதலில் புரதம்

ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து சதையும் கரையும். விலை உயர்ந்த டப்பா பவுடரைக் கடைசி வரை வாங்க முடியாதவர்கள் பயப்படத் தேவை இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் மீனிலோ கோழிக்கறியிலோ 20 கிராமுக்கு மேல். மத்தி மீன், சோயா, பச்சைப்பயறு, பால், தயிர் எல்லாம் கை கொடுக்கும். சாப்பிடும்போது முதலில் முட்டை, மீன், பருப்பு. பிறகு காய்கறி. வயிற்றில் இடம் இருந்தால் கடைசியில் ஒரு பிடி சோறு.

ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். அவசரமாக விழுங்கினால் நெஞ்சில் அடைக்கும், வாந்தி வரும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். நாள் முழுக்க ஒன்றரை லிட்டராவது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாக வேண்டும்.

அல்வா, ஜிலேபி, பாயசம், கூல்டிரிங்ஸ் ஆகியவற்றில் ஜாக்கிரதை. குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு நேராகக் குடலில் இறங்கும். சிறிது நேரத்தில் வியர்த்துக் கொட்டும், படபடக்கும், வயிற்றைக் கலக்கும். முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம் இன்னொரு வகை ஆபத்து. இவை அடைக்காது, வழுக்கிக் கொண்டு போய்விடும். 2 வருடத்துக்குப் பிறகு எடை திரும்ப ஏறுவதற்கு இந்த நொறுக்குத் தீனி ஒரு முக்கிய காரணம்.

மாத்திரை ஆயுசுக்கும்!

மல்டி வைட்டமின், பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி. ஆபரேஷனுக்குத் தக்கபடி டாக்டர் எழுதித் தரும் இவற்றை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடக் கூடாது, 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடும் விழுங்கக் கூடாது. முதல் வருடம் டாக்டர் சொல்லும் நாளில் எல்லாம் ரத்தப் பரிசோதனை. அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது கட்டாயம். இதற்கு மாதா மாதம் என்ன செலவாகும், அரசு ஆஸ்பத்திரியில் எது கிடைக்கும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வைத்துக் கொள்வது நல்லது.

3-வது மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிரும். பயம் வேண்டாம். புரதமும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால் சில மாதங்களில் நின்று, மீண்டும் வளரும். எடை வேகமாகக் குறைவதால் பித்தப்பையில் கல் வரலாம். அதைத் தடுக்கவும் மாத்திரை உண்டு.

மூட்டு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வாங்கிப் போடுவது ஆபத்து. குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு வயிற்றுப்புண் வந்து ரத்தம் கசியலாம். சிகரெட்டும் அப்படித்தான்.

டாஸ்மாக் பக்கம் போகிறவர்களுக்கு...

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கட்டிங் கூட முன்பு போல இருக்காது. போதை சீக்கிரம் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். அமெரிக்காவில் ஆபரேஷன் செய்த சுமார் 2 ஆயிரம் பேரைக் கவனித்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், 2-வது வருடத்தில் குடிப்பிரச்சினை அதிகமானது தெரிய வந்தது. பைபாஸ் செய்தவர்களுக்கு இது கூடுதல். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போய்விட, சிலர் பாட்டிலில் அதைத் தேடுகிறார்கள்.

பெண்கள் கவனத்துக்கு

குழந்தை இல்லாமல் இருந்த பெண்களுக்கு எடை குறைந்ததும் சீக்கிரமே கரு தங்கலாம். ஆனால் 12 முதல் 18 மாதம் தள்ளிப் போடுவதுதான் தாய்க்கும் சேய்க்கும் நல்லது. மாமியார் வீட்டில் அவசரப்படுத்தினாலும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். பைபாஸ் செய்தவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாமல், காப்பர்-டி போன்ற வேறு வழியை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வயிறு, கை, தொடையில் தோல் தொங்கும். "என்னடி இப்படி வத்திப் போயிட்டே, சுகரா?" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பார்கள். "இவ்வளவுதானா சாப்பிடுறே?" என்று இலையில் அள்ளி வைப்பார்கள். இதில் மனம் உடைபவர்கள் உண்டு. மனநல டாக்டரைப் பார்ப்பதில் வெட்கம் எதற்கு? வீட்டில் இருப்பவர்களும் வற்புறுத்திச் சாப்பிடச் சொல்லக் கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

* முதல் சில வாரங்களில் காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி, தோள்பட்டை வலி, நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 120-க்கு மேல்.

* மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது.

* கருப்பு நிறத்தில் மலம், ரத்த வாந்தி.

* தண்ணீர் கூடத் தங்காமல் நாள் முழுக்க வாந்தி. இது நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும். மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

* பைபாஸ் செய்து பல வருடம் ஆனாலும், திடீரென்று வரும் கடுமையான வயிற்று வலி. "கேஸ் டிரபிள்தான்" என்று சோடா குடித்து உட்கார்ந்து விடக் கூடாது. குடல் சிக்கிக் கொண்டிருக்கலாம். 108-க்குப் போன் போடுங்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "எனக்கு இந்த ஆபரேஷன் நடந்திருக்கு" என்று முதலில் சொல்ல வேண்டும். எந்த வகை, எந்த வருடம் என்று ஒரு சீட்டில் எழுதி, ரேஷன் கார்டு, ஆதார் மாதிரி பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள்.

சுவீடன் நாட்டில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. ஆபரேஷன் செய்து கொண்டவர்கள், அதே போலப் பருமனாக இருந்தும் செய்து கொள்ளாதவர்களை விட சுமார் 3 வருடம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். அந்த ஆயுசை நோய் நொடி இல்லாமல் வாழ வேண்டும் என்றால் தினமும் ஒரு முட்டை, ஒரு மணி நேர நடை, மறக்காத மாத்திரை, வருடம் ஒரு ரத்தப் பரிசோதனை. இத்தனையும் கத்தி பிடித்த டாக்டர் செய்து தர முடியாது. செய்து கொண்டவர்தான் செய்தாக வேண்டும்.