செவிப்புலனும் வர்க்கமும்: வட்டவளை குறித்த ஒரு நோக்கு

1957இல் பாரிசில் உள்வைத்த மின்வாயினாற் செவிநரம்பு தூண்டப்பட்டது. 1978இல் மெல்போர்னிற் கிரேம் கிளார்க் பல்மின்வாய்க் கருவியைப் பொருத்தினார். பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு இளவயதிற் கருவி பொருத்தி, ஆண்டுக்கணக்காகத் தாய்மொழியிற் பேச்சுப் பயிற்சியும் அளித்தாலே பயன் முழுமையுறும். இவ்விடத்தே வரலாறு குறுக்கிடுகின்றது.

வட்டவளை போன்ற பெருந்தோட்டச் சூழலில் தொழிலாளியின் செவி, பிரட்டுக்கு அழைக்கும் தப்பொலிக்கே பழக்கப்பட்டது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும் உழைப்புச் சக்தியைப் பேணும் நோக்கிலேயே எழுந்ததென நாம் கொள்வோம். குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுக் கொழுந்தெடுக்கும் தாய்க்கு, பயிற்சிக்கான ஒவ்வொரு நகரப் பயணமும் ஒரு நாட்பேரின் இழப்பாகும். கருவி பொருத்தப்பட்டோரின் மனநிறைவை அளக்கும் ஆய்வுகளில், கருவியை எட்டவே இயலாதோர் இடம்பெறுவதில்லை.

தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் சிறுவர்க்கு இச்சிகிச்சையை வழங்குகின்றது. ஆகவே, செவிப்புலன் சந்தைப் பண்டமாகவே இருத்தல் வேண்டுமென்பது நியதியன்று. மலையகத்திற் சிகிச்சையோடு பயிற்சி நாளுக்குரிய கூலியும் உரிமையாகக் கோரப்படவேண்டும் என்பதே நமது முடிபு.