ஏட்டுப்புழுவும் கணினிப்புழுவும்: யாழ்ப்பாணக் குடாநாட்டு வீட்டுக்கணினியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாறு பெரும்பாலும் அதனை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதனைத் தாக்கும் தீநிரல்களின் வரலாறோ, அவற்றை எழுதியோரையும் முறியடித்த நிறுவனங்களையும் பற்றியதாக அமைந்துள்ளது. ஒரேயொரு கணினியை வைத்திருந்து, அது பழுதுறும்போது அதனுள் இருந்தவற்றையும் சேர்த்து இழந்துவிடும் சாதாரணக் குடும்பத்துக்கு அவ்வரலாறுகளில் இடமில்லை. ஈழத்துப் போர் இத்துறைசார் நூல்களிற் குறிப்பிடப்படுவதும் பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சி தொடர்பாகவேயாம். 1990களின் பிற்பகுதியில் ‘இன்ரர்நெற் கரும்புலிகள்’ என்ற பெயரில் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மின்னஞ்சல்கள் வீதம் இரு வாரங்கள் அனுப்பப்பட்டன. அதுவுங்கூடத் தீநிரல் அன்று. அஞ்சற்பெட்டியை நிரப்பி முடக்கும் முயற்சியே. அதனை விடுத்து, குடாநாட்டு வீட்டுக்கணினியைத் தீநிரல் அடைந்த வழிகள் யாவை, அதனைக் கண்டறிந்து நீக்குதல் என்பதன் பொருள் யாது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

உடையவரின் அறிவும் இசைவுமின்றி இயங்கித் தீங்கு விளைவிக்கும் நிரலையே ஈண்டுத் தீநிரல் என்கிறோம். பிறிதொரு நிரலிலோ வட்டிலோ ஒட்டிப் பரவுவது வைரசு எனவும், தானாகவே பரவுவது புழு எனவும், நற்பயன் தருவதுபோல் நடித்து உட்புகுவது துரோயக்குதிரை எனவும், கோப்புகளை மறைகுறியாக்கிப் பணயம் கேட்பது பணயநிரல் எனவும் வழங்கப்படும்.

1. தோற்றமும் ஒரு கோட்பாட்டு எல்லையும்

தன்னைத்தானே படியெடுக்கும் பொறி பற்றிய சிந்தனை, கணிதவியலாளர் ஜோன் வொன் நொய்மன் 1940களின் இறுதியில் ஆற்றிய விரிவுரைகளில் இடம்பெற்றது. 1971இல் அமெரிக்க ஆய்வுக் கணினி வலையமைப்பிற் பரவிய ‘கிறீப்பர்’ என்னும் சோதனை நிரலும், அதனைத் தேடி நீக்க எழுதப்பட்ட ‘றீப்பர்’ என்னும் நிரலும் இவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளாம். தென்னாசியாவுக்கும் இதில் ஓர் இடமுண்டு. தனியாட் கணினிகளில் உலகெங்கும் பரவிய முதல் வைரசான ‘பிறெயின்’, 1986இல் பாக்கித்தானின் லாகூர் நகரில் பாசித், அம்சத் என்னும் சகோதரர் இருவரால் எழுதப்பட்டது. அது நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியைப் பற்றிக்கொண்டது. அப்பகுதியை எவரேனும் படிக்க முற்பட்டால், தன்னை மறைத்து, முன்பிருந்த தூய பகுதியையே எடுத்துக்காட்டியது. நோயுற்ற கணினி தன்னைப் பற்றித் தானே தரும் சாட்சியத்தை நம்பலாகாது என்னும் பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

பிரெட் கோயன் என்பார் 1980களில் நிறுவிய முடிபு இதனினும் அடிப்படையானது. எல்லா வைரசுகளையும் பிழையின்றிக் கண்டறியக்கூடிய பொதுநிரல் ஒன்றை எவராலும் எழுதமுடியாது என்பதே அது. ஆகவே, காப்பு மென்பொருளொன்றை வாங்கி நிறுவிவிட்டால் கவலையில்லை என்னும் கருத்து வணிக விளம்பரத்துக்குரியதேயன்றி அறிவியலுக்குரியதன்று.

2. ஏட்டு மரபு தரும் ஒப்புமை

எழுதப்பட்டவற்றைப் புழு தின்பது நம்மவர்க்குப் புதிதன்று. பனையோலை ஏடுகளைச் செல்லும் இராமபாணப் பூச்சியும் அரித்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) முதலியவற்றைப் பதிப்பித்தபோது எதிர்கொண்ட பெரும் இடர்களுள் ஒன்று ஏடுகளின் சிதைவாகும். அம்மரபில் அழிவுக்கு மாற்றாக இரு வழிகள் இருந்தன: பழுதுற்ற ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்குப் படியெடுத்தல், பல படிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் கண்டு பிழையைக் களைதல். பூச்சி அரித்தது என்பதற்காக ஏட்டையே எரித்தல் பதிப்பாசிரியர் வழியன்று.

தீநிரலைக் கண்டறியும் முறைகளும் இவ்வழிகளுக்கு அயலானவையல்ல. அறியப்பட்ட தீநிரலின் அடையாளக் கோவையைக் கோப்புகளிலே தேடுவது ஒரு முறை. கோப்பொன்றின் தற்போதைய வடிவைத் தூய மூலத்தின் கணிப்பெண்ணோடு ஒப்பிட்டு, ஓரெழுத்து மாறியிருப்பினும் காட்டிக்கொடுப்பது இன்னொரு முறை; இது பாடபேதம் காண்டலேயாம். மூன்றாவது, நிரலின் நடத்தையைக் கவனித்து ஐயுறுவது. முதலாம் முறைக்கு இடையறாத புதுப்பித்தல் வேண்டும். இரண்டாவதற்கு நம்பத்தக்க மூலப்படி வேண்டும். மூன்றாவது பிழையாகவும் ஐயுறக்கூடும்.

படியில்லாத மூலம் அழியின் என்னாகும் என்பதற்கு 1981ஆம் ஆண்டு நிகழ்ந்த யாழ்ப்பாணப் பொதுநூலக எரிப்பு சான்றாகும். ஏறத்தாழ 97,000 நூல்களுடன், வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அன்று அழிந்தன.

3. குடாநாட்டின் புறநிலைகள்

1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதன் பின்னர்க் குடாநாட்டின் மின்வழங்கல் நின்றது. எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. உலகின் பிற பகுதிகளில் வீட்டுக்கணினி பரவிய பத்தாண்டு, இங்கு மண்ணெண்ணெய் விளக்கின் காலமாயிற்று. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்பப் படம் என்பவற்றை ஒரு பைக்குள் இட்டுச் சென்றனர். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் ஏ–9 வீதி திறந்தபோதே கணினிக்குரிய பொருள்கள் தாராளமாக வந்து சேரும் நிலை தோன்றியது. அவ்வீதியும் 2006 ஓகத்தில் மூடப்பட்டது. போர் முடிந்த 2009இன் பின்னர், முன்பு பைக்குள் இருந்தவை நிழற்படிகளாகவும் ஒளிப்படங்களாகவும் வீட்டுக்கணினியுட் குடிபுகுந்தன. காணாமற்போனோரின் படங்களும், இடிந்துபோன வீட்டின் கடைசிப் படமும், வெளிநாட்டு உறவினரின் கடிதங்களும் பல குடும்பங்களில் அங்கேயே உள்ளன.

வலையிணைப்பு அரிதாயுள்ள இடத்தில் தீநிரலும் அரிதாயிருக்கும் என்று கருதுவது தவறு. இணைப்புக் குறைந்த இடத்திலே கோப்புகள் கைமாறியே செல்லும். போட்டோக் கொப்பிக் கடையிலும், ஒளிப்பட நிலையத்திலும், தனியார் கல்வி நிலையத்திலும் ஒரே பென் டிரைவ் பல கணினிகளிற் செருகப்படும். வட்டைச் செருகியதும் நிரலைத் தானே இயக்கும் விண்டோசின் வசதி, இவ்வழியே பரவும் புழுக்களுக்கு வாயிலாயிற்று. 2008 நவம்பரில் தோன்றிய ‘கொன்பிக்கர்’ புழு பயன்படுத்திய குறைபாட்டுக்கு மைக்ரோசொப்ற் நிறுவனம் அதற்கு முந்திய மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. எனினும், உரிமம் பெற்ற மென்பொருளை வாங்கும் வசதியின்றிக் கள்ளப்படியைப் பயன்படுத்தியோரும், பெரிய கோப்புகளை இறக்கும் இணைப்பு இல்லாதோரும் அத்தகைய திருத்தங்களைப் பெறாதிருந்தனர். எனவே, நோய்க்குக் காரணம் பயன்படுத்துவோரின் கவனக்குறைவே எனக் கூறுவது முழு உண்மையாகாது. வறுமை, வழித்தடை, மொழி ஆகியவை அதற்கு நிலம் பண்படுத்தின.

மொழி என்பதை இங்கு விளக்குதல் வேண்டும். எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. உண்மை எச்சரிக்கையையும் மோசடி எச்சரிக்கையையும் பிரித்தறிய அம்மொழிப் பயிற்சி தேவைப்படுகின்றது. மேலும், ஈழத்தில் நீண்டகாலம் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற உரோம எழுத்துகளின் கோவையாகவே தோன்றும். தமிழறியாத ஒருவர், சிலவேளை தமிழறிந்தவருங்கூட, அதனைத் தீநிரலாற் சிதைந்த கோப்பெனக் கருதி அழித்துவிட இடமுண்டு. அத்தகைய ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றி வைத்தல் ஒருவகைக் காப்பேயாகும்.

4. நீக்கமும் அழிப்பும்

நோயுற்ற கணினியை ‘போமற்’ செய்தல், அதாவது முற்றாக அழித்து மீள நிறுவுதல், பழுதுபார்ப்போரின் எளிய வழியாகும். இது தீநிரலைப் பெரும்பாலும் நீக்கிவிடும். உடன் குடும்பத்தின் ஆவணங்களையும் நீக்கிவிடும். பல வேளைகளில் அவ்விழப்புத் தேவையற்றது. பென் டிரைவிற் பரவிய புழுக்களுட் பல, கோப்புறைகளை மறைத்துவிட்டு அவற்றின் பெயரிற் பொய்யான குறுக்குவழிகளை இட்டு வைத்தன. அங்கே கோப்புகள் மறைக்கப்பட்டனவேயன்றி அழிக்கப்படவில்லை. மறைந்த கோப்புகளைக் காட்டும்படி கணினியைப் பணித்தால் அவை மீளத் தோன்றும். இதனை அறியாது முழுவழிப்புச் செய்தபோதே மெய்யான அழிவு நேர்ந்தது.

ஆதலால் நீக்கத்தின் ஒழுங்கு முக்கியமானது. முதலில் வலையிணைப்பைத் துண்டித்து, செருகியுள்ள சேமிப்பிகளை அகற்றுதல் வேண்டும். அடுத்து, நோயற்ற கணினியில் ஆக்கப்பட்ட துவக்கவட்டு அல்லது துவக்கப் பென் டிரைவினால் அக்கணினியைத் தொடங்குதல் வேண்டும். ‘பிறெயின்’ கற்பித்த பாடம் இதுவே. அந்நிலையில் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் படியெடுத்தல் வேண்டும். இயங்குநிரல்களைப் படியெடுத்தல் ஆகாது. பின்னரே சோதனை செய்து, ஐயத்துக்குரியவற்றை உடனே அழிக்காது தடுத்துவைத்துப் பார்த்தல் தகும். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாகக் காப்பு மென்பொருள் இயங்குதளத்துடனேயே கட்டணமின்றி வருவதால் இதற்குப் பணச்செலவும் இல்லை. எடுத்த படிகளையும் மீளச் சேர்க்குமுன் சோதித்தல் வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு தூய கருவியிலிருந்து மாற்றுதல் வேண்டும். இவையெல்லாம் பயனளிக்காதவிடத்தே முழுவழிப்பு. பணயநிரலாயின், பூட்டப்பட்ட கோப்புகளையும் பேணி வைத்தல் நன்று. ஐரோப்பியக் காவற்றுறையும் காப்பு மென்பொருள் நிறுவனங்களும் 2016இல் தொடங்கிய கூட்டுமுயற்சி, சில வகைகளுக்குத் திறவுகோல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. இன்று திறவாதது பின்னொருநாள் திறக்கக்கூடும்.

5. முடிவுரை

படியின்மை வீட்டுக்கு மட்டும் உரிய குறைபாடன்று. 2023இல் இலங்கை அரசின் மேகக்கணிமையைப் பணயநிரல் தாக்கியபோது, அமைச்சரவை அலுவலகம் உள்ளிட்ட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகத்து 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்குரிய காப்புப்படி இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மென்பொருளோ காலங்கடந்த பதிப்பாக இருந்தது. நிதியும் நிபுணரும் உடைய அரசே இவ்வாறாயின், வீட்டாரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், எரிந்த நூலகத்தின் நினைவுள்ள சமுதாயம் தன் எழுத்துகளைப் பல படிகளாக்கிப் பேண முற்பட்டமைக்குச் சான்று. அம்முயற்சி அச்சேறியவற்றோடு நின்றுவிடாது, வீட்டுக்கணினியுள் ஒற்றைப் படியாய்க் கிடப்பனவற்றையும் எட்டுதல் வேண்டும். சனசமூக நிலையங்களும் பாடசாலைகளும் பல்கலைக்கழகக் கணினித்துறையினரும் தமிழிலே வழிகாட்டி எழுதி, வெளித்தட்டு ஒன்றிற் படியெடுத்துத் துண்டித்து வைக்கும் பழக்கத்தைக் கற்பிக்கலாம். எல்லாத் தீநிரலையும் கண்டறியும் நிரல் இயலாதெனக் கோட்பாடே கூறும்போது, ஒவ்வொரு தாக்குதலின் பின்னும் மீளக்கூடிய நிலையை ஆக்கிக்கொள்வதே சமுதாயத்தின் கையிலுள்ளது. அதனை வீட்டுக்கு வீடு தனித்துச் செய்தல் அரிது. கூட்டாகச் செய்தல் கூடும் என்பதே இக்கட்டுரையின் முடிபாகும்.