ஆர்சி கார்: துரு ஏறுவது ஓடும்போது அல்ல, ஓடி முடித்த பிறகுதான்

பாரிட் புந்தார் – மலாய் மொழியில் 'பாரிட்' என்றால் வாய்க்கால். பெயரிலேயே தண்ணீரைச் சுமந்து நிற்கும் ஊர் இது. ஒரு புறம் கிரியான் ஆறு. மறுபுறம் 1906ஆம் ஆண்டில் நிறைவுபெற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்களும் நெல் வயல்களும். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. வயல் வரப்பு, செம்மண் சாலை, செம்பனைத் தோட்டத்துப் பாதை என ஆர்சி கார் ஓட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் காருக்குள் இருக்கும் இரும்புக்கு இதைவிடச் சோதனையான இடமும் இல்லை.

ரேடியோ அலைகளால் தூரத்திலிருந்து இயக்கப்படும் இந்தக் கார்களைப் பலரும் விளையாட்டுப் பொருளாகவே பார்க்கிறார்கள். ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தாமியா நிறுவனம் 1976இல் தனது முதல் ஆர்சி காரை வெளியிட்ட காலத்திலிருந்தே, இது கழற்றி, பழுதுபார்த்து, மீண்டும் பூட்டி ஓட்டும் பொழுதுபோக்கு. உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கும் காரை வீணாக்குவது பெரும்பாலும் விபத்து அல்ல; கவனிக்காமல் விட்ட துருதான்.

துரு எப்படிப் பிடிக்கிறது?

இரும்பு, ஆக்சிஜன், நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு. இதில் உப்பும் கலந்தால் வேகம் பல மடங்காகும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து துரு வேகமெடுக்கும். நம் நாட்டில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அதாவது, காரை மழையில் ஓட்டாவிட்டாலும் துரு பிடிக்கும்.

உப்பு கடலோரத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். கோலா குராவ், தஞ்சோங் பியாண்டாங் பக்கம் ஓட்டினால் கடற்காற்றும் உப்புச் சேறும் சேரும். செம்பனைக்குப் பரவலாக இடப்படும் பொட்டாஷ் உரத்திலும் குளோரைடு உப்பு உண்டு. தோட்டத்துச் சேறு காய்ந்து காரில் ஒட்டிக்கொண்டால், உப்பையும் ஈரத்தையும் இரும்போடு கட்டி வைத்ததைப் போலத்தான்.

'வாட்டர்புரூஃப்' என்ற சொல்லை நம்பலாமா?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் இந்தச் சொல் பெரும்பாலும் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ரிசீவர் போன்ற மின்னணுப் பாகங்களுக்கே பொருந்தும். பேரிங், திருகாணி, அச்சு, பல்சக்கரம் ஆகியவற்றுக்குப் பொருந்தாது.

முதலில் பாதிக்கப்படுவது பேரிங். பல 1/10 அளவு கார்களில் இதன் வெளிவிட்டம் வெறும் 11 மில்லிமீட்டர். வழக்கமான பேரிங் எஃகில் குரோமியம் ஏறத்தாழ 1.5 விழுக்காடுதான். துருவேறா எஃகு என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 10.5 விழுக்காடு வேண்டும். துருவால் பேரிங் இறுகிவிட்டால் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு சூடேறி உருகும். மோட்டார் திணறும்; பேட்டரியிலிருந்து கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். சில வெள்ளியில் முடிய வேண்டிய செலவு சக்கரக் கூடு, மோட்டார் என்று நீண்டுவிடும்.

ஓட்டி முடித்ததும் செய்ய வேண்டியவை

1. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரி உப்பியிருந்தாலோ நனைந்திருந்தாலோ மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள்.

2. காய்ந்த மண்ணைப் பெயின்ட் பிரஷ்ஷாலும் பழைய பல் துலக்கியாலும் தட்டி எடுங்கள். உப்புச் சேறாக இருந்தால் நல்ல தண்ணீரில் ஈரத்துணியை நனைத்துத் துடைப்பது அவசியம். அழுத்தமாகப் பீய்ச்சும் நீரைப் பயன்படுத்தினால் மணல் பேரிங்குக்குள்ளேயே போய்விடும்.

3. துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்.

4. இரும்புப் பாகங்களில் மட்டும் நீரகற்றும் தெளிப்பானைச் சிறிது அடியுங்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் 1953இல் உருவான டபிள்யூடி-40 இந்த வகைதான். 'நீரை அகற்றுதல், 40ஆவது முயற்சி' என்பதே அந்தப் பெயரின் பொருள். நீரை வெளியேற்றுவதுதான் அதன் முதல் வேலை. பேரிங்குக்கு நீண்ட நாள் மசகாக அது நிற்காது.

5. அதனால் பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு விடுங்கள். சேற்றிலும் நீரிலும் அடிக்கடி ஓடும் காருக்குக் கிரீஸ் நல்லது. வேகம் சற்றுக் குறைந்தாலும் நீர் எளிதில் உள்ளே புகாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

பேரிங் கரகரவென்று சத்தம் போட்டால் அதன் ரப்பர் மூடியை ஊசி முனையால் மெல்லத் தூக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, உலர்த்தி, எண்ணெய் விட்டு மூடலாம். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பருகே இந்த வேலை கூடாது. அப்போதும் சத்தம் நிற்காவிட்டால் பேரிங்கை மாற்றுவதே சிக்கனம்.

ஏற்கெனவே துரு பிடித்திருந்தால்?

மளிகைக் கடையில் 'சூக்கா' என்று கேட்டு வாங்கும் சமையல் காடியே போதும். துருப்பிடித்த அச்சு, ஊசி, இரும்புத் திருகாணிகளை அதில் ஓரிரு மணி நேரம் ஊறவைத்துத் துலக்குங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசினால் மிச்ச அமிலம் முறியும். உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். துரு நீங்கிய வெற்று இரும்பில் சில நிமிடங்களிலேயே புதுத் துரு தோன்றிவிடும்.

அலுமினியப் பாகங்கள், பேரிங், துத்தநாகப் பூச்சுள்ள திருகாணிகள் ஆகியவற்றைக் காடியில் போடக்கூடாது. கடினப்படுத்திய எஃகை இரவு முழுவதும் ஊறவிடவும் கூடாது. அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் அது உடையும் தன்மை பெறலாம். குழி விழுந்த அச்சை எவ்வளவு துலக்கினாலும் பழைய வலிமை திரும்பாது. அதை மாற்றிவிடுங்கள்.

தோட்டப்புற வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் துருவையும் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதன் ஆவி அருகில் இருக்கும் மற்ற இரும்பையும் அரிக்கும். பிள்ளைகள் கூடி உட்கார்ந்து செய்யும் வேலையில் அதற்கு இடமே இல்லை.

மீண்டும் வராமல் தடுக்க

கறுப்பு நிறத் திருகாணிகளின் மேல்பூச்சு மிக மெல்லியது. எண்ணெய்ப் பசை இருக்கும் வரைதான் அது காக்கும். துருவேறா எஃகுத் திருகாணிக்கு மாறலாம். ஆனால் அது சற்று மென்மையானது. பொருந்தாத சாவியால் திருகினால் தலை மழுங்கிவிடும். அலுமினியத்துக்குள் எஃகுத் திருகாணி போகும் இடத்தில் சிறிது கிரீஸ் தடவுங்கள். இரண்டு உலோகங்களுக்கு இடையே ஈரம் நின்றால் அலுமினியம் அரிக்கப்பட்டுத் திருகாணி சிக்கிக்கொள்ளும். திருகாணியை இறுக்கிப் பிடிக்கும் நீலப் பசையை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டுமே பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் அது வெடிக்கும்.

காரை முழுமையாக உலர்ந்த பிறகே மூடியுள்ள பெட்டியில் வைத்து, சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். ஈரக் காரைப் பெட்டியில் பூட்டுவது, துருவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு இது புதிய பாடமல்ல. மறுநாள் விடியலில் கத்தி மரத்தில் வழுக்காமல் ஓட வேண்டுமானால், அதைத் தீட்டிப் பராமரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்று பிள்ளையின் கையில் இருப்பது கத்தியல்ல, ரிமோட். ஓட்டி முடித்ததும் செலவிடும் இருபது நிமிடம்தான், அடுத்த வாரமும் அந்தக் கார் வரப்போரம் ஓடுமா என்பதை முடிவு செய்கிறது.